ஸ்ட்ரிப் எதை உரிக்கிறது? பைத்தான் சர மெத்தட்களுக்குத் தமிழில் ஆவணம்: வரைவு பற்றி உங்கள் கருத்து தேவை

ஒற்றைமேற்கோள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பைத்தான் நிரல்மொழியின் சர மெத்தட்களுக்கு (சரம் என்பது மேற்கோள்குறிக்குள் வரும் உரை, மெத்தட் என்பது அதன் மேல் அழைக்கும் செயல்) தமிழில் ஓர் ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரட்டை அடிக்கோட்டில் தொடங்குபவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணினால், 3.9 பதிப்பிலிருந்து மொத்தம் 47 மெத்தட்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முடித்திருக்கிறேன். மேலே போவதற்கு முன் நடை சரியா என்று தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"ஸ்ட்ரிப்: சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்குகிறது. அடைப்புக்குள் வேறொரு சரத்தைக் கொடுத்தால், அந்தச் சரத்தை முனைகளிலிருந்து நீக்குகிறது."

மெத்தட் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். இயக்கிப் பார்ப்பவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஆவணம் சுருக்கமாக இருந்தால் போதுமா, இல்லை விரிவாக வேண்டுமா? இதுதான் என் முதன்மையான கேள்வி.

பழைய_பைத்தான்

சுருக்கமா விரிவா என்பது பிறகு. உங்கள் இரண்டாம் வாக்கியம் தவறு. இதை இயக்கிப் பாருங்கள்:

"மரம்".ஸ்ட்ரிப்("ம்")

என்ன வரும் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைமேற்கோள்

'மர' என்று எழுதி வைத்தேன். 'ர' வந்தது. முன்னால் இருந்த ம எங்கே போயிற்று?

பழைய_பைத்தான்

உரித்துவிட்டது. "ம்" என்று நீங்கள் கொடுத்ததை ஸ்ட்ரிப் ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. அதற்கு அது ஒரு பை. பைக்குள் இரண்டு பொருள்கள்: ம ஒன்று, புள்ளி ஒன்று. இடது முனையில் நிற்பது பைக்குள் இருக்கிறதா? இருந்தால் எறி, அடுத்ததைப் பார். இல்லாதது வரும்வரை அப்படியே போகும். பிறகு வலது முனையிலும் அதே வேலை. முதலில் நின்ற ம பைக்குள் இருக்கிறது, போயிற்று. கடைசியில் புள்ளி, அதற்கு முன்னால் ம, இரண்டும் போயின. மிஞ்சியது ர.

"வலது முனை மட்டும் போதும், ஆர்ஸ்ட்ரிப் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வீர்கள். சரி, "நாமம்" என்ற சொல்லுக்குப் போட்டுப் பாருங்கள். 'நாம' வராது, 'நா' தான் வரும். புள்ளி, ம, இன்னொரு ம என்று மூன்றையும் தின்றுவிடும்.

இந்தத் தவற்றைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. ஆங்கில ஆவணத்தைப் படித்தவர்களும் கோப்புப் பெயரின் நீட்சியை நீக்க ஆர்ஸ்ட்ரிப்பைப் போட்டுவிட்டுப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். 3.9-இல் முன்னொட்டை நீக்கும் ரீமூவ்பிரிஃபிக்ஸ், பின்னொட்டை நீக்கும் ரீமூவ்சஃபிக்ஸ் இரண்டும் சேர்க்கப்பட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

ஒற்றைமேற்கோள்

ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில ஆவணத்தில், கொடுக்கப்படுவது முன்னொட்டோ பின்னொட்டோ அல்ல, அதன் மதிப்புகளின் எல்லாச் சேர்க்கைகளும் நீக்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. "எல்லாச் சேர்க்கைகளும்" என்று பெயர்த்து எழுதினேன், எனக்கே புரியவில்லை, வெட்டிவிட்டேன். வெட்டிய வரிதான் உயிர் வரி போலிருக்கிறது.

கணினிவாத்தியார்

நான் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுப்பவன். "சேர்க்கை" என்று சொன்னால் அவர்கள் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் நான் வெங்காயத்தைத்தான் சொல்வேன். சருகு இருக்கும்வரை உரித்துக்கொண்டே போ, சதை தெரிந்ததும் நிறுத்து, உள்ளே எங்காவது சருகு இருந்தாலும் கத்தி அங்கே போகாது. எது சருகு என்பதை அடைப்புக்குள் நீ சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் வெற்றிடம்தான் சருகு.

ஆனால் ஒற்றைமேற்கோள் அவர்களே, உங்கள் பதிவில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. "நீக்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எதிலிருந்து? என் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்வது இதுதான்: பெயர்.ஸ்ட்ரிப்() என்று ஒரு வரி எழுதுவார்கள், அடுத்த வரியில் பெயரை அச்சிடுவார்கள், "சார், இது வேலை செய்யவில்லை" என்று கை தூக்குவார்கள். பைத்தானில் சரம் மாறாதது. எந்த மெத்தடும் பழைய சரத்தைத் தொடுவதில்லை, புதிதாக ஒன்றைத் தருகிறது. வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அது காற்றோடு போய்விடும். ஆகவே "நீக்குகிறது" வேண்டாம். "நீக்கிய புதிய சரத்தைத் தருகிறது" என்று எழுதுங்கள்.

ஒற்றைமேற்கோள்

அதை ஆவணத்தின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பாகப் போட்டிருக்கிறேன் ஐயா. ஒவ்வொரு பதிவிலும் திரும்பச் சொன்னால் 47 முறை வரும்.

கணினிவாத்தியார்

வரட்டும். முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? தேடுபொறியிலிருந்து நேராக ஸ்ட்ரிப்பில் வந்து குதிப்பவர் ஸ்ட்ரிப்பை மட்டும் படித்துவிட்டுப் போவார். மருந்துப் புட்டியில் "குலுக்கிவிட்டுக் குடிக்கவும்" என்று ஒவ்வொரு புட்டியிலும்தானே ஒட்டுகிறார்கள்? கடை வாசலில் ஒரே பலகையாக எழுதி மாட்டுவதில்லையே.

மெய்ப்பு

வாத்தியாருடன் உடன்படுகிறேன். தனி வரி கூட வேண்டாம், வினைச்சொல்லே போதும். ஒவ்வொரு பதிவும் "தருகிறது" என்று முடிந்தால் 47 முறை சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று.

பழைய_பைத்தான்

ஸ்ட்ரிப் பதிவின் அடியில் "பின்னொட்டை நீக்க ரீமூவ்சஃபிக்ஸைப் பாருங்கள்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பதிப்பு எண்ணும் வேண்டும். 2020 அக்டோபரில் வந்த 3.9 முதல்தான் அது உண்டு.

கணினிவாத்தியார்

பதிப்பு எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எங்கள் ஆய்வகக் கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. இணையத்தில் பார்த்து ரீமூவ்சஃபிக்ஸ் என்று எழுதும் பிள்ளைக்கு அப்படி ஒரு மெத்தடே இல்லை என்ற பிழைச்செய்திதான் கிடைக்கிறது. எழுத்துப்பிழை செய்துவிட்டோம் என்று நினைத்து நாலு முறை தட்டிப் பார்க்கிறார்கள், பாவம். அவர்களுக்கு நான் தரும் மாற்று இது:

இஃப் சொல்.எண்ட்ஸ்வித்(விகுதி): சொல் = சொல்[:-லென்(விகுதி)]

வெற்றுச்சரம்

ஐயா, விகுதி காலியாக இருந்தால்?

கணினிவாத்தியார்

காலியாக இருந்தால் நீக்க ஒன்றும் இல்லை, சொல் அப்படியே இருக்கும்.

வெற்றுச்சரம்

இருக்காது. எந்தச் சரமும் வெற்றுச் சரத்தில் முடிவதாகத்தான் எண்ட்ஸ்வித் சொல்லும், ஆகவே நிபந்தனை ட்ரூ, அதாவது உண்மை. விகுதியின் நீளம் 0. கழித்தல் 0 என்பதும் 0-தான். சொல்[:0] என்றால் தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரை. முழுச் சொல்லும் போய்விடும். "இஃப் விகுதி அண்ட் சொல்.எண்ட்ஸ்வித்(விகுதி)" என்று மாற்றிவிடுங்கள். என் பெயருக்கு நான் செய்ய வேண்டிய கடமை இது.

கணினிவாத்தியார்

இத்தனை நாளாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அழித்துவிட்டு எழுதுகிறேன். நன்றி தம்பி.

துணைக்கால்

தாமதமாக வருகிறேன். இஸ்ஆல்ஃபாவை எழுதிவிட்டீர்களா? வரைவைக் காட்ட முடியுமா?

ஒற்றைமேற்கோள்

"இஸ்ஆல்ஃபா: சரத்தில் உள்ள அனைத்தும் எழுத்துகளாக இருந்து, குறைந்தது ஓர் எழுத்தாவது இருந்தால் ட்ரூ தருகிறது, இல்லையென்றால் ஃபால்ஸ்."

துணைக்கால்

இதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் ஓர் இணையப் படிவம் எழுதினார். தமிழ்ப் பதிவு இல்லை, இதே பொருள் தரும் ஆங்கிலப் பதிவு. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பெயர்க் கட்டத்தில் எண்ணும் குறியும் வரக்கூடாது என்பதற்காக இஸ்ஆல்ஃபா வைத்துச் சோதித்தார். என் அத்தை தன் பெயரைத் தமிழில் நிரப்பினார். "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்" என்று படிவம் திருப்பி அனுப்பியது. அத்தையின் பெயர் கமலா.

பிறகு நான் வீட்டில் இயக்கிப் பார்த்தேன்:

"கமல".இஸ்ஆல்ஃபா() → ட்ரூ
"கமலா".இஸ்ஆல்ஃபா() → ஃபால்ஸ்
"கமல்".இஸ்ஆல்ஃபா() → ஃபால்ஸ்

கால் வாங்கினாலும் தோல்வி, புள்ளி வைத்தாலும் தோல்வி. உலக மொழிகளின் குறிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிக்கோடு தன் அட்டவணையில் அ, க, ம போன்றவற்றை எழுத்து என்ற வகையில் வைத்திருக்கிறது. கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் சேர்குறி என்ற வேறு வகை. இஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டும்தான் ஒப்புக்கொள்கிறது. அதன் கணக்குப்படி தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை எழுத்துகளால் ஆனவை அல்ல. நகைப்பு என்னவென்றால், "தமிழ்".இஸ்ஐடென்டிஃபையர்() ட்ரூ தருகிறது. அதாவது தமிழ் என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், அதே சொல்லை அத்தையின் பெயர்க் கட்டத்தில் வைக்க முடியாது.

இதில் இஸ்ஆல்ஃபாவின் மேல் பிழை இல்லை. சொன்னதைச் செய்கிறது. "எழுத்து" என்று நீங்கள் எழுதியதைத் தமிழர் எப்படிப் படிப்பார் என்பதுதான் சிக்கல்.

பழைய_பைத்தான்

அத்தைக்காக வருந்துகிறேன். ஆனால் இது யூனிக்கோடு பற்றிய பாடம், சர மெத்தட் ஆவணத்தின் வேலை இல்லை. ஒவ்வொரு பதிவிலும் சேர்குறி, வகை, அட்டவணை என்று இழுத்தால் இது யூனிக்கோடு புத்தகமாகிவிடும். சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் எப்படி என்று பார்க்க வந்தவர் ஓடிவிடுவார். யூனிக்கோடுக்கு ஒரு பக்கம் தனியாகப் போட்டு இணைப்புக் கொடுங்கள், போதும்.

துணைக்கால்

ஆங்கில வாசகருக்கு அது ஓரத்துச் செய்தி. தமிழ் வாசகர் முதல் எடுத்துக்காட்டிலேயே அதில் கால் வைக்கிறார். நீங்களே "மரம்" சொல்லும்போது "ம ஒன்று, புள்ளி ஒன்று" என்று விளக்காமல் அந்த விடையை விளக்க முடிந்ததா?

பழைய_பைத்தான்

முடியவில்லைதான். இருந்தாலும் நீளம் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது.

கணினிவாத்தியார்

நீளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? என் மாணவர்கள் 3 என்பார்கள், த, மி, ழ். நீளம் சொல்லும் பைத்தானின் லென் 5 தரும். ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜாவாவும் 5. ரஸ்ட்டிலும் கோ மொழியிலும் லென் கேட்டால் 15, ஏனென்றால் அவை யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் பைட்டுகளை எண்ணுகின்றன, தமிழின் ஒவ்வொரு கோட் பாயின்ட்டும் (யூனிக்கோட்டில் தனி எண் உள்ள அலகு) 3 பைட். ஸ்விஃப்ட்டின் கவுன்ட் மட்டும் நம் பிள்ளைகள் பக்கம் நின்று 3 என்கிறது. ஸ்விஃப்ட்டைத் தவிர மற்ற ஐந்து மொழி ஆவணங்களையும் திறந்தால் "நீளம்" என்ற பொருள்படும் சொல்தான் எல்லாவற்றிலும் இருக்கும்.

இன்னொன்று. விகடகவி என்று இரு வழியும் ஒன்றாக வரும் சொல்லைச் சோதிக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். சரத்தைத் திருப்பி ஒப்பிட வேண்டும். பைத்தான் ஃபால்ஸ் என்றது. திருப்பியதும் முன்னால் தனியே ஒரு கொக்கி நின்றது, வ கடைசிக்குப் போய்விட்டது. வகுப்பே சிரித்தது.

ஒற்றைமேற்கோள்

திருப்புவதற்கு என்ன மெத்தட் பயன்படுத்தினீர்கள் ஐயா? என் பட்டியலில் ரிவர்ஸ் இல்லையே.

கணினிவாத்தியார்

சரத்துக்கு அப்படி ஒரு மெத்தட் கிடையாது, பட்டியலுக்குத்தான் உண்டு. சரத்தை [::-1] என்று வெட்டித்தான் திருப்புவோம். பாருங்கள், நீங்களே தேடியிருக்கிறீர்கள். "ரிவர்ஸ்: இப்படி ஒன்று இல்லை" என்றும் ஆவணத்தில் ஒரு பதிவு இருக்கட்டும். இல்லாததைத் தேடி வருபவருக்கும் ஒரு வாசல் வேண்டும்.

பழைய_பைத்தான்

இல்லாததையும் ஆவணப்படுத்தத் தொடங்கினால் எங்கே முடியும்? சரி, இந்த ஒன்றை மட்டும் ஏற்கிறேன். இதை எல்லாரும் தேடுகிறார்கள்.

மெய்ப்பு

இரண்டு நாளாக இழை முழுவதையும் திரும்பப் படித்தேன். பழைய_பைத்தான் நீளம் என்கிறார், துணைக்கால் யூனிக்கோடு என்கிறார். எனக்கு இதில் பக்கக் கணக்கு தெரியவில்லை, ஒரு சொல்தான் தெரிகிறது. "எழுத்து" என்ற சொல்லை இந்த ஆவணத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் அவர்கள் பயன்படுத்தும் "கேரக்டர்" வழவழப்பான சொல். எதையும் குறிக்கும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தமிழில் "எழுத்து" அப்படி இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று ஆரம்பப் பள்ளியிலேயே அதன் வரையறை மனத்தில் பதிந்துவிடுகிறது. மி ஓர் எழுத்து. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அப்படிப்பட்ட வாசகரிடம் "லென் எழுத்துகளை எண்ணித் தருகிறது" என்று எழுதினால் அது குறைபாடான வாக்கியம் இல்லை, பொய்யான வாக்கியம். எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்டிடம் கேட்டால், "அக்கா".கவுன்ட்("க") 2 தருகிறது. அக்காவில் க என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை; க்-உம் கா-உம்தான் இருக்கின்றன.

ஆகவே பைத்தான் எதை எண்ணுகிறதோ அதற்கு ஒரு தனிச் சொல், எல்லாப் பதிவிலும் அதே சொல். வாசகருக்கு அந்தச் சொல் புதிதாக இருப்பது நல்லது. புதிதாக இருந்தால் "இது என்ன?" என்று ஒரு முறையாவது கேட்பார், நீங்கள் சொன்ன அந்தத் தனிப்பக்கத்துக்குப் போவார். எழுத்து என்று போட்டால் தெரிந்த சொல்தானே என்று கடந்து போய்விடுவார்.

பழைய_பைத்தான்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன சொல்? "உருப்படி"?

மெய்ப்பு

சலவைக் கணக்கு போலிருக்கிறது. "குறியுரு" ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. "வரியுரு" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

துணைக்கால்

குறியுருவுக்கு என் ஓட்டு. உண்மையான எழுத்துகளாகப் பிரிக்க வேண்டியவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது என்றும் அந்தத் தனிப்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அதில் கெட்_லெட்டர்ஸ் என்று ஒன்று உண்டு, த, மி, ழ் என்று பிரித்துத் தரும். விகடகவியும் தேறிவிடும்.

ஒப்பீட்டைப் பற்றியும் ஒரு வரி. "கொடி" என்பதில் ொ ஒரே குறியுருவாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. இரண்டும் சமமா என்று கேட்டால் ஃபால்ஸ், ஒன்றுக்குள் மற்றதை ஃபைண்ட் போட்டுத் தேடினால் -1, அதாவது கிடைக்கவில்லை. யூனிக்கோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஔ-வுக்குப் பதிலாக ஒ-வும் ள-வும் தட்டி ஒள என்று பொய்யாக எழுதியவற்றை அதுவும் திருத்தாது. ஔ வேறு, ஒ-வும் ள-வும் வேறு.

வெற்றுச்சரம்

ஸ்ட்ரிப்பின் "வெற்றிடம்" பற்றியும் கேட்கிறேன். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த சொல்லின் வாலில் அகலமில்லா இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால்?

பழைய_பைத்தான்

போகாது. யூனிக்கோடு அதை வெற்றிட வகையில் சேர்க்கவில்லை, ஆகவே ஸ்ட்ரிப்புக்கு அது சருகு இல்லை. உடையா இடைவெளி போகும், அகலமில்லாதது தங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, லென் மட்டும் ஒன்று கூடுதலாகக் காட்டும்.

ஒற்றைமேற்கோள்

எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் இயக்கிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். டாக்டெஸ்ட் என்று பைத்தானோடே வரும் கருவி ஆவணத்திலிருக்கும் எடுத்துக்காட்டுகளைத் தானே இயக்கி விடையை ஒப்பிடுகிறது. முன்பு எழுதியவற்றை அதில் போட்டதில் நான்கு பதிவுகள் சிவப்பாக வந்தன. எவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஸ்ட்ரிப்: இரு முனைகளையும் உரித்த புதிய சரத்தைத் தருகிறது. அடைப்புக்குள் ஒன்றும் கொடுக்காவிட்டால் வெற்றிடங்களை உரிக்கிறது. ஒரு சரத்தைக் கொடுத்தால், அதிலுள்ள குறியுருக்களில் எதுவாக இருந்தாலும், எந்த வரிசையில் இருந்தாலும் உரிக்கிறது. அவற்றில் இல்லாத குறியுரு எதிர்ப்பட்டதும் நிற்கிறது. நடுவில் உள்ளவற்றைத் தொடுவதில்லை.

"  மரம் ".ஸ்ட்ரிப்() → 'மரம்'
"மரம்".ஸ்ட்ரிப்("ம்") → 'ர'

இரண்டாவது விடை வியப்பாக இருந்தால் 'குறியுரு' பக்கத்தைப் பாருங்கள். சொல்லின் இறுதியில் உள்ள ம்-ஐ மட்டும் நீக்க ரீமூவ்சஃபிக்ஸைப் பயன்படுத்துங்கள் (3.9 முதல்). அகலமில்லா இடைவெளி வெற்றிடமாகக் கொள்ளப்படுவதில்லை."

மெய்ப்பு

"எதிர்ப்பட்டதும் நிற்கிறது" நன்றாக இருக்கிறது. கை வைக்க மாட்டேன்.

கணினிவாத்தியார்

பட்டியலில் உள்ள சரங்களை இணைக்கும் ஜாயினுக்கு வரும்போது ஒரு யோசனை. பிரிப்பானின் மேல்தான் அந்த மெத்தடை அழைக்க வேண்டும், பட்டியலின் மேல் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரிகிறது. நான் பூக்கட்டுவதைச் சொல்வேன். பூக்களைத் தொடுப்பது நார். ஆகவே நார்.ஜாயின்(பூக்கள்). பூவிடம் போய்த் தொடுக்கச் சொன்னால் அது எப்படித் தொடுக்கும்? நமக்குச் சரம் என்றாலே பூச்சரம்தானே, இதை எழுத ஆங்கில ஆவணத்துக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பழைய_பைத்தான்

வாத்தியாரே, இதற்காகவே உங்கள் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். ஒரு சிறு திருத்தம்: பூக்கள் எல்லாமே சரங்களாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் எண் இருந்தால் நார் அறுந்துவிடும்.

வெற்றுச்சரம்

ஸ்ட்ரிப்("") என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று பதிவில் இல்லை.

ஒற்றைமேற்கோள்

பை காலி, ஆகவே எதையும் உரிப்பதில்லை, வெற்றிடத்தைக் கூட. இயக்கிப் பார்த்துச் சேர்த்துவிட்டேன். அடுத்து ஸ்ப்ளிட்டுக்குப் போகிறேன்.

வெற்றுச்சரம்

போங்கள். "".ஸ்ப்ளிட்() காலிப் பட்டியல் தரும். "".ஸ்ப்ளிட்(" ") என்று கேட்டால் என்னையே உள்ளே வைத்து ஒரு பட்டியல் தரும். அங்கே சந்திப்போம்.